பிப்ரவரியில் கடலோர கோல்ஃப்: ஆறு ரவுண்டு வேண்டாம், நான்கு போதும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: எட்டுப் பேர், நான்கு தம்பதியர். ஆறு பேர் கோல்ஃப் ஆடுகிறவர்கள், ஹேண்டிகேப் 12 முதல் 36 வரை (இந்த எண் கூடக் கூட ஆட்டம் கொஞ்சம் சுமார் என்று பொருள்). மற்ற இருவர் மட்டையைத் தொட்டதே இல்லை. பிப்ரவரியில் ஏழு இரவுகள், வெளிநாட்டில், வெயிலும் கடலும் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் தங்க ஆசை. எங்கே போவது? சொந்த மட்டைகளைத் தூக்கிக்கொண்டு போவதா? நடுவில் கிடைக்கும் ஆறு முழு நாட்களில் ஆறு ரவுண்டு (ஒரு ரவுண்டு என்பது 18 ஹோல், அதாவது 18 குழிகளை முடிக்கும் முழு ஆட்டம்) ஆட முடியுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. ஆட முடியும், ஆனால் ஆடாதீர்கள். இருபது வருடமாக இப்படிப்பட்ட குழுக்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். ஊர் திரும்பும்போது முகம் வாடியிருக்கும் குழு எதுவென்று பார்த்தால், கிட்டத்தட்ட எப்போதும் அது தினமும் ஆடிய குழுதான். முதல் முறை நானே அந்தத் தப்பைச் செய்தேன். முன்பணம் கட்டியாயிற்றே என்று ஐந்து நாளில் ஏழு ரவுண்டு. நான்காம் நாள் ஒரு நண்பருக்குப் பதினான்காவது ஹோலில் தலை சுற்றி, பக்கியில் (மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி) படுக்க வைத்து கிளப் ஹவுஸுக்குக் கொண்டு வந்தோம். ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்த இடத்தில் 18 ஹோல் என்பது உங்களுக்குப் பழக்கமான 18 ஹோல் இல்லை. வியர்வை காயாது, உடல் குளிராது. இரண்டாம் நாள் களைப்பு மூன்றாம் நாள் ஸ்விங்கில் தெரியும்.

எனவே நான்கு ரவுண்டு. முதல் நாள் முழு ஓய்வு. மாலையில் வேண்டுமானால் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) அரை மணி நேரம். இரண்டாம், மூன்றாம் நாள் ஆட்டம், நான்காம் நாள் விடுப்பு, ஐந்தாம், ஆறாம் நாள் ஆட்டம். நடுவில் உள்ள அந்த விடுப்பு நாளை யார் கெஞ்சினாலும் விற்காதீர்கள். முதல் நாளை விட்டால், ஆடாத இருவருக்கும் எட்டுப் பேரும் சேர்ந்திருக்கிற முழு நாள் அது ஒன்றுதான்.

அடுத்து, எங்கே. பெரும்பாலோர் அழகான படம் ஒன்றைப் பார்த்து மைதானத்தை முடிவு செய்து, அப்புறம் தேதியைப் பொருத்தப் பார்ப்பார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். உங்களுக்கு மாதம் ஏற்கனவே முடிவாகிவிட்டது, பிப்ரவரி. அதுவே பாதிப் பட்டியலை அடித்துவிடும்.

துருக்கியின் பெலெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அன்டால்யா விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், பைன் மரங்களுக்கு நடுவே அடுத்தடுத்து மைதானங்கள், எல்லாம் அடங்கிய பெரிய ரிசார்ட்டுகள். குழுவாகப் போக அதைவிட வசதியான இடம் குறைவு. ஆனால் மத்தியதரைக் கடலோரத்தில் குளிர்காலம்தான் மழைக்காலம். அக்டோபர், நவம்பர், ஏப்ரலில் பிரமாதமாக இருக்கும் பெலெக், பிப்ரவரியில் சீட்டாட்டம் மாதிரி. போர்ச்சுகலின் அல்கார்வேயும் அப்படித்தான். பளிச்சென்று வெயில் அடிக்கும் நாட்களும் உண்டு, ஆனால் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் டீயில் (ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்) நிற்க முடியாது. கடலில் குளிக்கிற நினைப்பே வராது. அங்கே ஆடுவதற்கு ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். என்றாவது போனால் பெனினா மைதானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1966இல் திறந்த, அல்கார்வேயின் முதல் மைதானம் அது. முன்பு நெல் வயலாக இருந்த சேற்று நிலம். பிரிட்டிஷ் ஓபன் போட்டியை மூன்று முறை வென்ற ஹென்றி காட்டன் அதை வடிவமைத்தார். ஈரத்தை உறிஞ்சுவதற்காகவே ஆயிரக்கணக்கில் மரங்களை நட வைத்தார். தன் மட்டைப் பையைச் சுமக்க ஒரு கழுதையை வைத்திருந்தார், பெயர் பசிஃபிகோ.

மொரிஷியஸ் படத்தில் கண்ணைப் பறிக்கும். ஈல் ஓ செர்ஃப் தீவில் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த மைதானத்துக்குப் படகில்தான் போக வேண்டும். அந்தப் படகுப் பயணமே பாதி சுகம். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே புயல் காலத்தின் உச்சம். தெற்கு அரைக்கோளம் என்பதை மறந்துவிட்டு பிப்ரவரிக்குப் பதிவு செய்து, அறையில் உட்கார்ந்து மழை பார்த்தவர்கள் உண்டு. பாலியும் பிப்ரவரியில் நனைந்துதான் இருக்கும். வியட்நாமின் டா நாங் கொஞ்சம் ஏமாற்றும் வகை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான பெருமழை முடிந்துவிட்டாலும் பிப்ரவரியில் மேகமும் தூறலும் மிச்சம் இருக்கும். அங்கே மார்ச் பின்பாதிக்குப் பிறகு போவது நல்லது. நிக் ஃபால்டோ வடிவமைத்த லகூனா லாங் கோ அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது. மைதானத்தின் நடுவே உண்மையான நெல் வயல், அதில் எருமைகள். வயலில் விழுந்த பந்தை விட்டுவிடுவதுதான் மரியாதை.

சரி, பிப்ரவரியில் மிஞ்சுவது எது? தாய்லாந்தின் ஹுவா ஹின், ஃபுகெட். மலேசியாவின் லங்காவி. டொமினிகன் குடியரசின் தென்கிழக்குக் கடற்கரை. மெக்சிகோவின் இரு கரைகளும். கேனரி தீவுகள். துபாய், அபுதாபி. இவை எல்லாவற்றிலும் அது வறண்ட பருவம் அல்லது இதமான பருவம். அதனால்தான் கூட்டமும் அப்போதுதான். விலையும் உச்சத்தில் நிற்கும். நான்கு மாதம் முன்பே டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) வாங்கிவிடுங்கள்.

இதில் எதை எடுப்பது என்பதற்கு என்னிடம் ஒரே விதி: ஏழு இரவுப் பயணத்தில் நேர வித்தியாசம் நான்கு மணிக்குமேல் போகக் கூடாது. உடல் ஒரு நாளைக்குத் தோராயமாக ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும் என்பார்கள். பத்து மணி வித்தியாசமுள்ள இடத்துக்குப் போனால், உங்கள் உடல் அந்த ஊருக்கு வந்து சேரும்போது நீங்கள் திரும்பும் விமானத்தில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். எனவே மேலே சொன்னவற்றில் உங்களுக்கு எது அருகிலோ அதுதான் உங்கள் இடம். இரண்டு வாரம் இருந்தால் கதையே வேறு.

ஒவ்வொன்றையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆறு பேரில் ஹேண்டிகேப் 36 உள்ளவர் இருக்கிறார் என்றால் ஹுவா ஹின்னுக்குத்தான் என் முதல் ஓட்டு. அங்குள்ள ராயல் ஹுவா ஹின் 1924இல் அமைந்தது, தாய்லாந்தின் முதல் முறையான மைதானம். ரயில் பாதை போட வந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஒருவர் வடிவமைத்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட் செய்யும்போது (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டும்போது) ரயில் ஊதும், மேலே குன்றில் கோயில், மரங்களில் குரங்குகள். பராமரிப்பில் பளபளப்பு எதிர்பார்க்காதீர்கள். பளபளப்பு வேண்டுமென்றால் பிளாக் மவுண்டன், பன்யன் இருக்கின்றன. தாய்லாந்தில் கேடி (கூடவே வந்து ஆட்டத்துக்கு உதவும் ஆள்) வைத்துக்கொள்வது அநேகமாக எல்லா இடத்திலும் கட்டாயம், ஆளுக்கு ஒருவர். பெரும்பாலும் பெண்கள். பழகாதவர்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். மூன்றாவது ஹோலுக்குள் அது போய்விடும். புதிதாக ஆடுகிறவருக்குப் பொறுமையான கேடியைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்: பந்து எங்கே விழுந்தது என்று பார்த்து, மட்டை எடுத்துக் கொடுத்து, பட்டிங் கோட்டில் பந்தை வைத்தும் கொடுப்பார்கள். அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுமுறை அவரையே கேட்கலாம். அன்பளிப்பை நேராக அவர் கையில் கொடுங்கள். அதுதான் அவருடைய வருமானத்தின் பெரிய பங்கு.

ஃபுகெட்டில் மேடுபள்ளம் அதிகம். ரெட் மவுண்டன் பழைய தகரச் சுரங்கத்தின்மேல் எழுந்தது. சில டீக்களில் நின்று பார்த்தால் கிரீன் (குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரை) கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கும். விமான நிலையத்துக்கு அருகில் ப்ளூ கேன்யன். 1998இல் டைகர் வுட்ஸ் கடைசி நாளில் எட்டு ஸ்ட்ரோக் (அடி) பின்தங்கியிருந்து எர்னி எல்ஸைப் பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வீழ்த்தியது அங்கேதான்.

லங்காவியின் எல்ஸ் கிளப் தெலுக் டத்தாய் மழைக்காட்டுக்குள் புகுந்து கடலில் எட்டிப் பார்க்கும் மைதானம். அங்கே ஒரு பங்கர்கூட (மணல் குழி) கிடையாது. அந்த மழைக்கு மணல் நிற்காது என்பதால் அப்படி விட்டுவிட்டார்கள். பங்கரைக் கண்டால் கை நடுங்கும் நண்பர் உங்கள் குழுவில் நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள், ஓட்டெடுப்பு முடிந்துவிடும்.

கடலோரம் என்பதுதான் உங்களுக்கு முக்கியமென்றால் டொமினிகன் குடியரசு. லா ரொமானாவுக்கு அருகே காசா தெ காம்போ ரிசார்ட்டில் உள்ள ‘டீத் ஆஃப் த டாக்’, பீட் டை வடிவமைத்தது, 1971. பெயருக்குப் பொருள் நாயின் பற்கள். கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் கூரான பவளப்பாறையை அங்குள்ள தொழிலாளர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அந்தப் பாறையைச் சம்மட்டியும் கடப்பாறையுமாக மனிதக் கைகளே உடைத்து மைதானம் ஆக்கின. ஏழு ஹோல்கள் கடலை ஒட்டியே ஓடுகின்றன.

இந்த ஏழு என்ற எண்ணை நினைவில் வையுங்கள், ஏனென்றால் அது அரிது. விளம்பரத்தில் ‘கடலோர மைதானம்’ என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் கடலை ஒட்டி இரண்டே ஹோல், மிச்சம் பதினாறும் குடியிருப்புகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே. கடலைப் பார்த்த நிலத்தில் ஹோட்டலும் வில்லாவும் கட்டினால் வருமானம் அதிகம், அதனால் மைதானத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். இது மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டு போனால் மனசு ஆறும். பதிவு செய்யுமுன் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த மைதானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையைத் தொடும் பச்சைக் கீற்றுகளை எண்ண ஐந்து நிமிடம் போதும். ஹுவா ஹின்னில்கூட நல்ல மைதானங்கள் பல கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன. அங்கே கடல் தங்குமிடத்துக்கு, ஆட்டம் வேனில் போய் வர.

மெக்சிகோவின் பசிபிக் கரையில் புன்டா மிட்டா. அங்கே ஒரு மைதானத்தில் மூன்றாவது ஹோலுக்கு மாற்றாக ‘திமிங்கில வால்’ என்று ஒன்று உண்டு. கிரீன் கடலுக்குள் இயற்கையான பாறைத் தீவில். அலை தாழ்ந்திருந்தால் கல்லில் கால் வைத்து நடக்கலாம், ஏறியிருந்தால் நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டி கொண்டுபோய் விடும். ஆட்டம் என்ற வகையில் அது ஒன்றும் பெரிய ஹோல் இல்லை. ஆனால் ஆளுக்கு மூன்று பந்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். கிழக்குக் கரையில் மயகோபாவின் எல் கமலியோன், முதல் ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வெளி) நடுவிலேயே ஒரு குகைப்பள்ளத்தைத் திறந்து வைத்திருக்கிறது. நன்றாக அடித்த பந்துக்கும் அங்கே ஆபத்து. கேனரி தீவுகளில் வெயில் இதம், கடல் கொஞ்சம் குளிர்ச்சி. துபாய், அபுதாபியில் பிப்ரவரி அருமையான மாதம். அபுதாபியின் யாஸ் லிங்க்ஸ் கடலை ஒட்டிய நல்ல மைதானம். ஆனால் பணம் நன்றாகவே கரையும்.

இடம் முடிவானதும் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. “நாங்கள் வரும் வாரத்தில் கிரீன்களில் துளையிடும் வேலை இருக்கிறதா? ஏதாவது ஒன்பது ஹோல் மூடியிருக்குமா? போட்டி இருக்கிறதா?” இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மண் இறுகாமல் இருக்க கிரீன்களில் துளை போட்டு மணல் நிரப்புவது எல்லா மைதானமும் செய்தே ஆக வேண்டிய வேலை. ஆனால் அடுத்த இரண்டு வாரத்துக்குப் பந்து குதித்துக் குதித்துத்தான் போகும். நான் ஒருமுறை ஒரு முகவரை நம்பி முழுப் பணமும் கட்டிப் போனேன். பதினெட்டு கிரீனும் மணல் மூடிக் கிடந்தது. கேட்டால், “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

அப்புறம் ‘அளவற்ற கோல்ஃப்’ என்ற சலுகை. காலையில் ஒரு டீ டைம் உறுதி, அதற்குமேல் இடம் இருந்தால் ஆடலாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். உச்சப் பருவத்தில் இடம் இருக்காது. நான்கு ரவுண்டு ஆடப் போகிற உங்களுக்கு அது தேவையும் இல்லை. பக்கி கட்டணம் சேர்ந்ததா, கேடி கட்டணம் சேர்ந்ததா, இடி மழையில் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா, மறுநாள் ஆட விடுவார்களா என்று பாருங்கள். ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்கும் கிளப்புகளும் உண்டு. செயலியில் இருப்பதை ஒரு படமாகச் சேமித்து வைத்துக்கொண்டால் போதும்.

ஆறு பேரை நான்கு, இரண்டு என்று பிரிக்காதீர்கள். இருவர் மட்டும் இருந்தால் முன்பின் தெரியாத இருவரைச் சேர்த்துவிடுவார்கள். மூன்று, மூன்று என்று அடுத்தடுத்த டீ டைம் வாங்குங்கள். தம்பதிகளை ஒரே குழுவில் போடுவதா வேண்டாமா என்பதில் நான் தலையிட மாட்டேன்.

நேரம் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. வெயில் மட்டும் காரணமில்லை, கடற்காற்றும்தான். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, நிலத்தின் மேல் உள்ள காற்று மேலே எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. காலை ஏழு மணிக்கு இலை அசையாத மைதானம் பதினோரு மணிக்குக் கொடியை வளைக்கும். எதிர்காற்று மணிக்கு ஒரு மைல் கூடினால் தூரத்தில் தோராயமாக ஒரு சதவீதம் போகும், பின்காற்று அதில் பாதிதான் திருப்பித் தரும் என்பது கைக்கணக்கு. அதாவது 15 மைல் எதிர்காற்றில் உங்கள் 150 கஜ அடி 130 கஜத்தைக்கூடத் தொடாது. ஆகவே வழக்கமான மட்டையைவிட இரண்டு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுத்து, மெதுவாக வீசுங்கள். வேகமாக அடித்தால் பந்துக்குச் சுழற்சி ஏறும், சுழற்சி ஏறினால் பந்து மேலே கிளம்பும், மேலே போனதைக் காற்று பார்த்துக்கொள்ளும். வணிகக் காற்று வீசும் கரீபியன் தீவுகளில் காலையிலும் காற்று முழுதாக ஓயாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குளிர் நாட்டுப் புல்லில் பழகியவர்கள் ஸ்கோரை இழப்பது அங்கேதான். வெப்பக் கடலோரத்தில் இரண்டு புல். ஒன்று பெர்முடா. அதன் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், அதைத்தான் கிரெயின் என்கிறார்கள். சாய்ந்த திசையில் பட் செய்தால் பந்து ஓடும், எதிர்த்துச் செய்தால் நின்றுவிடும். குறுக்கே செய்தால் சாய்வு பக்கம் இழுக்கும். பந்துக்குப் பின்னால் நின்று பாருங்கள்: புல் மின்னினால் சாய்வு உங்களுக்குச் சாதகம், கறுத்துத் தெரிந்தால் எதிர். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் புல் சிதைந்து பழுப்பாக இருக்கிறதோ, சாய்வு அந்தப் பக்கம். கேடி சொல்வதை இன்னும் சீக்கிரம் நம்பினால் இன்னும் சில ஸ்ட்ரோக் மிஞ்சும். கிரீன் ஓரத்திலும் இதே பிரச்சினைதான். கிரெயினுக்கு எதிராகச் சிப் செய்யும்போது (கிரீனுக்குள் சின்னதாகத் தூக்கிப் போடும்போது) வெட்ஜ் மட்டையின் முனை புல்லில் மாட்டிக்கொள்ளும். பெருமை பார்க்காமல் பட்டரையே (பட் செய்யும் மட்டை) எடுங்கள், இல்லையென்றால் ஹைபிரிட் மட்டையால் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று பாஸ்பாலம். உப்பு நீரைத் தாங்கும் கடற்கரைப் புல் அது. நல்ல தண்ணீர் பஞ்சமாக இருக்கும் கரைகளில் உப்பு கலந்த நீரையே பாய்ச்ச முடிவதால் புது ரிசார்ட்டுகள் அதை விரும்புகின்றன. ஃபேர்வேயில் பந்து எடுப்பாக உட்காரும், அடிக்கச் சுகம். ஆனால் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும், உருண்டு ஓடாது. தரையில் உருட்டிக் கிரீனேற்றும் வித்தை இங்கே பலிக்காது, பந்தைத் தூக்கித்தான் போட வேண்டும்.

ஹேண்டிகேப் கணக்கை முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள், முதல் டீயில் வைத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, மைதானத்தின் ஸ்லோப் எண்ணை (சுமாராக ஆடுகிறவருக்கு அது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 113ஆல் வகுத்து உங்கள் இண்டெக்ஸால் (உங்கள் ஹேண்டிகேப் எண்) பெருக்குகிறோம். அதோடு கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்தவருக்கு அங்கே ஆகும் அடிகள்) பாரைக் (மைதானத்துக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) கழித்து வருவதைச் சேர்க்கிறோம். ரேட்டிங்கும் பாரும் சமமாக இருக்கும் ஒரு மைதானத்தில் ஸ்லோப் 135 என்றால், 36 இண்டெக்ஸ் உள்ளவருக்கு 43 ஸ்ட்ரோக் சலுகை கிடைக்கும். இது அவருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார். 12 உள்ளவர் முறைப்பார். ஸ்டேபிள்ஃபோர்டில் (ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி எண்ணும் முறை) ஆடுங்கள். ஒரு ஹோல் சொதப்பினால் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம், பின்னால் வருகிறவர்களும் வாழ்த்துவார்கள். எந்த டீ என்பதற்கு எளிய கணக்கு: உங்கள் ஐந்து அயன் மட்டையில் பந்து போகும் தூரத்தை 36ஆல் பெருக்குங்கள். 150 கஜம் அடிப்பவருக்கு 5400 கஜ மைதானம். ரிசார்ட் மைதானத்தின் பின் டீ 7000 கஜத்தைத் தாண்டும். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆட முன்பக்க டீக்கு வந்துவிடுங்கள்.

மட்டைகளைக் கொண்டு போவதா? குழுவில் இடது கைக்காரரோ, மிக உயரமானவரோ, தன் மட்டைக்குப் பழகிப்போன 12 ஹேண்டிகேப்காரரோ இருந்தால் அவர் கொண்டு போகட்டும். வாடகை மட்டைகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன, ஆனால் இடது கை செட்டும் பெண்கள் செட்டும் சில எண்ணிக்கையில்தான் இருக்கும். அவற்றுக்கு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 36, 28 என்று ஆடுகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். ஷூ, தொப்பி, கையுறை, பந்து மட்டும் சொந்தமாக. மூன்று கையுறையாவது வேண்டும், ஆறு ஹோலுக்கு ஒன்றாக மாற்றி, நனைந்ததைப் பக்கியில் காயப் போடுங்கள். நீர்நிலைகள் ஏராளம் என்பதால் விலை உயர்ந்த பந்துகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கொண்டு போகிறவர்களுக்கு: மட்டைகள் விமானக் கேபினில் அனுமதி இல்லை, சரக்கில்தான் போகும். கழற்ற முடிகிற டிரைவர் மட்டையின் (நீண்ட தூரம் அடிக்கும் மட்டை) தலையைக் கழற்றி சாக்ஸில் சுற்றி வைத்துவிடுங்கள். டிரைவரைவிட உயரமான ஒரு கெட்டிக் கழியைப் பையின் நடுவில் செருகினால் பை தலைகீழாக விழும்போது அடியை அது வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் சட்டை, துண்டு. தூரம் அளக்கும் கருவியின் உபரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். எடை வரம்பு 23 கிலோ என்றால் வண்டிச்சக்கரம் வைத்த கெட்டி உறையே அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும், வீட்டில் நிறுத்துப் பாருங்கள். விளையாட்டுப் பொருள் என்று முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்யச் சொல்கிறவர்களும் உண்டு, பையோடு பையாக ஏற்கிறவர்களும் உண்டு. என் பை ஒருமுறை என்னைவிட இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதிலிருந்து ஷூவும் ஒரு செட் உடையும் கைப்பையில்தான் வைக்கிறேன். பைக்குள் இடம் காட்டும் ஒரு சின்ன வில்லையும் போட்டு வைக்கிறேன்.

எல்லோரும் மறக்கிற ஒன்று: விமான நிலையத்திலிருந்து வரும் வண்டி. எட்டுப் பேர், எட்டுப் பெட்டி, மூன்றோ நான்கோ கோல்ஃப் பைகள். “எட்டுப் பேருக்கு வேன்” என்று மட்டும் சொன்னால் பைகளுக்கு இடம் இருக்காது. பைகளின் எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லி, பெரிய வண்டியைக் கேளுங்கள்.

வெயிலைப் பற்றி நீட்ட மாட்டேன். தண்ணீரை முந்தின நாள் மாலையிலிருந்தே குடிக்கத் தொடங்குங்கள், தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சேர வேண்டும். வெயில் களிம்பை அறையிலேயே பூசிக்கொண்டு கையைக் கழுவிவிடுங்கள். டீயில் நின்று பூசினால் மட்டை கையிலிருந்து பறக்கும். சைரன் ஊதினால், அடிக்கப் போகிற பட் எவ்வளவு சின்னதானாலும், உடனே கிளம்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் உள்ளே போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. தனி மரத்தடியும் கூரை மட்டும் உள்ள பக்கியும் ஒதுங்கும் இடங்கள் அல்ல.

ஆடாத இருவரைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரிதான் இருந்தது, எனக்கு அதுதான் உறுத்தியது. மைதானத்துக்கு நடுவே, கடலிலிருந்து இருபது நிமிடம் தள்ளி இருக்கும் கோல்ஃப் ரிசார்ட்டில் அவர்களைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நீங்கள் ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பும் வரை அவர்களுக்குக் கால்நடையாகப் போக ஒரு கடற்கரையோ ஒரு ஊரோ வேண்டும். ஆகவே தங்குமிடம் கடலோரத்தில், ஊருக்குள் நடந்து போகிற தூரத்தில். மைதானத்துக்குப் போய் வருவது ஆடுகிறவர்களின் வேலை. ஹுவா ஹின்னை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். லா ரொமானாவைத் தேர்ந்தெடுத்தால் மைதானமும் கடலும் ஒரே வளாகத்துக்குள் வந்துவிடும், ஆனால் வளாகத்தை விட்டு வெளியே போக வண்டி வேண்டும். உங்கள் ஐந்தாம் நாள் ரவுண்டை ஒன்பது ஹோலாகக் குறைத்து, அந்த இருவரையும் பக்கியில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று மைதானத்தில் கேட்டுப் பாருங்கள். மாலை நேரத்தில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், கட்டணமும் குறையும்.

கடைசி ரவுண்டு ஆறாம் நாள் காலையில் முடிந்துவிடட்டும், விமானம் மறுநாள். ஷூ காய அந்த ஒரு இரவு வேண்டும். மண்ணை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் வழியாகத் திரும்புகிறவர்களிடம் சுங்கத்தில் முதலில் கேட்பதே அந்த ஷூவைத்தான்.